பெண்களுக்கான ‘முழு உடல்’ பரிசோதனைத் தொகுப்பு: அறுநூறு வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது, எது விடுபடுகிறது

சிங்கப்பூரில் ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கும் அதைக் கடந்தவர்களுக்கும் என்று விற்கப்படும் உடற்பரிசோதனைத் தொகுப்புகளுள் ஒன்றை அண்மையில் நானும் என் அண்ணியும் சேர்ந்து செய்துகொண்டோம். எனக்கு வயது 52. மாதவிடாய் தாறுமாறாகி, நிற்கப்போகும் கட்டத்தில் இருக்கிறேன். அண்ணிக்கு 66. ஆளுக்கு அறுநூறு வெள்ளிக்குச் சற்று மேல் ஆனது. மையம் நகரின் நடுப்பகுதியில், ஒரு வணிகக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. வேறு சில மையங்களின் பட்டியல்களையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தபோது, இங்கே குறையாகச் சொல்பவற்றுள் பெரும்பாலானவை அவற்றிலும் இருந்தன. ஆகவே இந்த வகைத் தொகுப்பைப் பற்றிய மதிப்பீடாகவே இதை வாசிக்க வேண்டுகிறேன்.

இந்நாட்டில் பெண்களின் சராசரி ஆயுள் 85 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஆனால், அதில் ஏறத்தாழ பத்தாண்டுகள் நோயுடனோ இயலாமையுடனோ கழிகின்றன. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுவதும், சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதிப்பதும், நாற்காலியிலிருந்து எழுவதற்கே பிறர் கையை எதிர்பார்ப்பதும் அந்தப் பத்தாண்டுகளில்தான். மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சரிகிறது. அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, வயிற்றைச் சுற்றிச் சதை போடுகிறது. ஒரு பெண் இந்த வயதில் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் பரிசோதனை, பின்னால் வரவிருக்கும் அந்தத் துன்ப ஆண்டுகளைக் குறைக்க உதவுமா என்பதே என் அளவுகோல். பட்டியலில் எத்தனை சோதனைகள் இருக்கின்றன என்பதை நான் பொருட்படுத்தவில்லை.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். முன்பதிவு எளிது, காத்திருப்பு குறைவு, இரத்தம் எடுத்த தாதி கைதேர்ந்தவர், அண்ணியின் மெல்லிய நரம்பை ஒரே குத்தலில் பிடித்துவிட்டார். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்த பெண் ஊழியரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். குளித்துவிட்டு அக்குளில் முகப்பூச்சு மாவு போட்டுக்கொண்டு வந்திருந்த அண்ணியிடம் ஈரத்துணியைக் கொடுத்து, “அம்மா, மாவைத் துடைச்சிட்டு வாங்க, படத்துல சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழும்” என்று தமிழிலேயே சொன்னார். மார்பகத்தில் படியும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் சில வேளைகளில் தொடக்கநிலைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம் என்பதால், மாவும் வியர்வைத் தடுப்பானும் படத்தைக் குழப்பிவிடும். தகட்டை இறுக்கும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, முடிந்ததும் உடனே தளர்த்தினார். ஒருமுறை வலித்துவிட்டால் மறுமுறை வராமல் இருந்துவிடும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஊழியர் ஒருவர் இருந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள்.

ஆனால், மேமோகிராம் எடுக்க அறுநூறு வெள்ளித் தொகுப்பு தேவையில்லை. 2002ஆம் ஆண்டிலிருந்தே தேசிய அளவிலான மார்பகப் பரிசோதனைத் திட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. 50 முதல் 69 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், 40 முதல் 49 வயது வரை மருத்துவரிடம் பேசி முடிவெடுத்து ஆண்டுதோறும் எடுத்துக்கொள்வது பரிந்துரை. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இதற்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தையும் பயன்படுத்தலாம்.

இரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், இரத்த அணுக்கள் ஆகிய அடிப்படைச் சோதனைகள் எல்லாம் இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. அவற்றின் முடிவுகளை வாசித்த முறையில்தான் குறை இருக்கிறது. என் முடிவுத்தாளின் ஒரு பக்கத்தில், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 விழுக்காடு என்று சிவப்பு அம்புக்குறியுடன் இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, ஹீமோகுளோபின் குறைவு என்று இன்னொரு சிவப்பு அம்புக்குறி. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் அந்த மையத்தில் யாரும் இல்லை. மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் பல பெண்களுக்கு உதிரப்போக்கு மிகுதியாக இருக்கும்; அதனால் இரும்புச்சத்து குறைந்து இரத்தசோகை வரும்; இரும்புச்சத்துக் குறைபாடு எச்பிஏ1சி அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டக்கூடும். என் வீட்டருகே இருக்கும் குடும்ப மருத்துவர் தாளைப் பார்த்தவுடன் முதலில் கேட்டது, “மாதவிடாய் எப்படி இருக்கும்மா, கட்டிகட்டியாகப் போகிறதா?” என்பதுதான். சிங்கப்பூரின் வழிகாட்டுதலில் 6.1 முதல் 6.9 வரை இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சரிபார்க்க வேண்டும். அதைச் சரிபார்த்தபோது எனக்கு அது இயல்பாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும், உதிரப்போக்கின் காரணத்தைக் கண்டறிய ஒரு பரிந்துரைக் கடிதமும்தான் எனக்குத் தேவைப்பட்டவை.

தொகுப்பின் விலையை ஏற்றுபவை, இரத்தத்தில் புற்றுநோயின் தடயத்தைத் தேடும் புற்றுநோய்க் குறியீட்டுச் சோதனைகள். சிஏ-125, சிஇஏ போன்ற எழுத்துகள் பட்டியலில் அடுக்கடுக்காக இருக்கும். புற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்ததும் நாமும் கூடுதல் பணத்தை நீட்டிவிடுகிறோம். நோய் அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாத பெண்ணுக்கு இவை பரிந்துரைக்கப்படுவதில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட, மாதவிடாய் நின்ற பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பெரும் ஆய்வு ஒன்றின் இறுதி முடிவு 2021இல் வெளிவந்தது. சிஏ-125 சோதனையையும் ஸ்கேனையும் கொண்டு ஆண்டுதோறும் பரிசோதித்த போதிலும் சூலகப் (சினைப்பைப்) புற்றுநோயால் ஏற்படும் இறப்பு குறையவில்லை என்பதே அந்த முடிவு. கருப்பை நார்க்கட்டி, கருப்பை உள்வரி போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், ஏன், மாதவிடாய் நாள்களில்கூட சிஏ-125 உயரும். அது உயர்ந்துவிட்டால் அடுத்து ஸ்கேன், அதற்கடுத்துச் சிறப்பு மருத்துவர், சில வேளை தேவையே இல்லாத அறுவை சிகிச்சை என்று போய்க்கொண்டே இருக்கும். என் தோழி ஒருவர் இப்படி மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் அலைந்து, கடைசியில் அது சாதாரண நார்க்கட்டி என்று தெரிந்துகொண்டார். மார்பகம், கருப்பைவாய், பெருங்குடல் ஆகிய மூன்றுக்கும் பயனுள்ள பரிசோதனைகள் இருக்கின்றன. முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தூண்டும் கிருமியைத் தேடும் எச்பிவி பரிசோதனை, ஐம்பதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் மலப் பரிசோதனை. வீட்டிலேயே மாதிரி எடுக்கும் அந்தச் சிறு குழாயை வெட்கப்பட்டு அலமாரியில் போட்டு வைக்காமல் அனுப்பினாலே, குறியீட்டுச் சோதனைகள் அத்தனையையும்விட அது பெரிய பாதுகாப்பு.

‘ஹார்மோன் சோதனை’ என்று ஒரு வரியும் பட்டியலில் இருந்தது. சூலகத்தைத் தூண்டும் எஃப்எஸ்எச் என்னும் ஹார்மோனின் அளவைப் பார்த்து மாதவிடாய் நிற்கப்போகிறதா என்று சொல்வார்களாம். 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு இது தேவையில்லை என்று, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இலேயே தெளிவாக எழுதிவிட்டது. இந்த வயதில் அந்த அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். இன்று இயல்பு என்று வந்தால் அடுத்த மாதம் உயர்ந்திருக்கும். மாதவிடாய் வரும் ஒழுங்கு, உடல் சூடு, இரவு வியர்வை, தூக்கம் ஆகியவற்றைக் கேட்டாலே போதும். எனக்குப் பல மாதங்களாக நள்ளிரவில் உடல் தீப்பற்றியதுபோல் சுடுகிறது, தலையணை நனைகிறது. என் எஃப்எஸ்எச் ‘இயல்பு’ என்று அச்சாகியிருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமை தந்தது எலும்புப் பரிசோதனை. ‘எலும்பு அடர்த்தி’ என்று பட்டியலில் இருந்ததால் இடுப்பையும் முதுகெலும்பையும் படமெடுப்பார்கள் என்று அண்ணி எதிர்பார்த்தார். அங்கே இருந்தது ஒரு சிறு பெட்டி. அதன் பள்ளத்தில் குதிகாலை வைக்கச் சொல்லி, இரு பக்கமும் பசையைத் தடவி, ஒலி அலையைச் செலுத்தி, ஒரு நிமிடத்துக்குள் பச்சைக் கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்த தாளை அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். ‘இயல்பு’ என்று எழுதியிருந்தது. குதிகால் ஒலி அலைச் சோதனையைக் கொண்டு எலும்புத் தேய்வு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இளம்வயதினரின் எலும்போடு ஒப்பிடும் டி-ஸ்கோர் என்னும் எண் -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புத் தேய்வு நோய் என்னும் வரையறை, இடுப்பையும் முதுகெலும்பையும் எக்ஸ்ரே கொண்டு அளக்கும் டெக்சா படத்துக்கு உரியது. குதிகால் பெட்டியின் எண்ணை அதே அளவுகோலில் வைத்துப் படிப்பது தவறு.

இதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது, காசு செலவில்லாதது. மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்காகவே உருவாக்கப்பட்ட ஓஸ்டா என்னும் முறையில், வயதிலிருந்து கிலோகிராம் எடையைக் கழிக்க வேண்டும். விடை 20க்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். 0 முதல் 20 வரை நடுத்தரம். 0க்குக் கீழே என்றால் குறைவு. அண்ணிக்கு வயது 66, எடை 45 கிலோ. விடை 21. ஒடிசலான உடல்வாகு, வாழ்நாள் முழுக்கப் பால் பிடிக்காத பழக்கம், வெயிலில் போகாத வாழ்க்கை. அறைக்குள் நுழையும்போதே அவரை உயர் ஆபத்துப் பிரிவில் வைத்து டெக்சாவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். பச்சைப் புள்ளித் தாளைக் கையில் கொடுத்து நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு குடும்ப மருத்துவரின் பரிந்துரையில் டெக்சா எடுத்தபோது இடுப்பில் டி-ஸ்கோர் -2.7 என்று வந்தது. இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறார். அந்தத் தாளை நம்பி இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால், குளியலறையில் ஒரு வழுக்கல் போதுமானதாக இருந்திருக்கும்.

தசை வலிமையை யாரும் அளக்கவே இல்லை. உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ வரை பார்த்தார்கள். இந்தியர், சீனர், மலாய்க்காரர் ஆகியோருக்கு பிஎம்ஐ 23க்கு மேலேயே கவனம் தேவை என்று சரியாகவும் சொன்னார்கள். ஆனால், கைப்பிடியின் வலுவைப் பார்க்கும் கருவி அங்கே இல்லை. ஆசிய நாடுகளின் தசைக்குறைவு ஆய்வுக் குழு 2019இல் வகுத்த அளவுப்படி, பெண்ணின் கைப்பிடி வலு 18 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலோ கவனிக்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு நாற்காலியும் கடிகாரமும்தான். பிறகு எங்கள் குடியிருப்புப் பேட்டையின் துடிப்பான மூப்படைதல் நிலையத்தில் உடலியக்க சிகிச்சையாளர் ஒருவர் அண்ணியை எழுந்து உட்காரச் செய்தார். நான்காவது முறை எழும்போது அண்ணியின் கை தானாக முழங்காலைத் தேடிப் போனது. முழுவதும் முடிய 15 வினாடிக்கு மேல் ஆனது. அந்த ஒரு காட்சி, பதினெட்டுப் பக்க முடிவுத்தாளில் எங்குமே இல்லாத செய்தியை எங்களுக்குச் சொல்லிவிட்டது.

தொகுப்பின் மருத்துவர் பொதுவாகச் சொன்ன அறிவுரை, “தினமும் நடங்க, கால்சியம் சாப்பிடுங்க” என்பது. நடப்பது இதயத்துக்கு நல்லது. ஆனால், தசையையும் எலும்பையும் வளர்க்க அது போதாது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்திருந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள் பங்கெடுத்தார்கள். வாரம் இருமுறை, அரைமணி நேரம், பயிற்றுநர் கண்காணிப்பில் கனமான எடையைத் தூக்கியவர்களுக்கு எட்டு மாதத்தில் கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. அறுபதைத் தாண்டிய நம் பெண்களிடம் “கனம் தூக்காதே” என்று பயமுறுத்துவதை நாம் நிறுத்த வேண்டும். முதலில் மருத்துவரிடமும் பயிற்றுநரிடமும் காட்டி, படிப்படியாகத் தூக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். உணவையும் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பால் பிடிக்காத அண்ணிக்குக் கேழ்வரகுக் கூழும், எலும்போடு சாப்பிடும் நெத்திலியும், தவ்வும் (டோஃபு) இருக்கின்றன. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சாம்பார் என்று இருப்பவருக்குப் புரதம் எங்கிருந்து வரும் என்று கேட்க அங்கே ஆளில்லை.

கேள்வித்தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டுமே இருந்தது. அண்ணிக்கு நான் மொழிபெயர்த்தேன். அண்ணன் மனைவியிடம் சிறுநீர்க் கசிவைப் பற்றி நாத்தனார் கேட்டு எழுதுவது இருவருக்கும் சங்கடம். ஆனால், அந்தக் கேள்வியே தாளில் இல்லை. தூக்கம், மூட்டுவலி, மனச்சோர்வு, தாம்பத்தியத்தில் வலி, கடந்த ஆண்டில் கீழே விழுந்தீர்களா என்பன எவையும் இல்லை. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 45 முதல் 69 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிங்கப்பூர்ப் பெண்களிடம் நடத்திய ஆய்வில் பெரிதும் சொல்லப்பட்ட தொல்லை மூட்டுவலியும் தசைவலியும்தான். ‘எத்தனை பிள்ளைகள்’ என்று கேட்டிருந்தார்கள். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்ததா, இரத்த அழுத்தம் எகிறியதா என்று கேட்கவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிரிக்ளாம்சியா எனப்படும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய் இருந்தவருக்கு இதயநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. முப்பது ஆண்டுக்கு முந்தைய பிரசவம் இன்றைய இதயத்தைப் பற்றிப் பேசுகிறது. அதேபோல், மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை எந்தப் பக்கத்திலும் காணவில்லை. கருப்பை உள்வரிப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

முடிவுகளை விளக்கும் மருத்துவர் சந்திப்பு பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. இரவு வியர்வையை நானே எடுத்துச் சொல்லி, ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிக் கேட்டேன். “புற்றுநோய் வரும்மா, வேண்டாம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இந்த அச்சத்தின் வேர் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வில் இருக்கிறது. இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டு ஆகியவை சற்றுக் கூடின என்பது உண்மை. ஆனால், அதில் பங்கெடுத்தவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குட்பட்டவராகவோ, மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருப்பவராகவோ இருந்து, மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டு போன்ற தடைகள் இல்லாத பெண்ணுக்கு, தொல்லை மிகுந்த உடல் சூட்டைத் தணிப்பதில் நன்மையே மேலோங்குகிறது என்பது இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கக் கூடாது, புரொஜெஸ்டோஜன் என்னும் இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும். பிறப்புறுப்பு வறட்சிக்குத் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. எனக்கு அது பொருந்துமா பொருந்தாதா என்பது வேறு. என்னைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைச் சாத்தியதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்ட குடிமக்களுக்கு, முதல் சுகாதாரத் திட்டச் சந்திப்பும், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, கருப்பைவாய், பெருங்குடல் பரிசோதனைகளும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. 2023 ஜூலையில் தொடங்கிய இத்திட்டத்தில் நாற்பது வயதோ அதற்கு மேலோ ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேரலாம். அங்கே சொகுசு இருக்கை இல்லை, காத்திருக்க வேண்டும், மருத்துவர் அமையாவிட்டால் மாற்றிக்கொள்ளவும் வேண்டியிருக்கும். ஆனால், சென்ற ஆண்டின் முடிவையும் இந்த ஆண்டின் முடிவையும் ஒரே ஆள் பார்க்கிறார். எனக்கும் அண்ணிக்கும் உருப்படியாக நடந்தவை எல்லாம் அவருடைய அறையில்தான் நடந்தன.

ஆகவே குடிமக்களாக இருப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். மானியம் கிடைக்காத வேலை அனுமதிக்காரர்களுக்கும், சுற்றுப் பயணமாக வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் தாய்மார்களுக்கும் தனியார் மையமே வழி. அவர்கள் விலை குறைந்த அடிப்படைத் தொகுப்பை மட்டும் எடுத்து, குறியீட்டுச் சோதனைகளையும் எஃப்எஸ்எச் சோதனையையும் நீக்கச் சொல்லலாம். கேட்டால் பல மையங்கள் நீக்கித் தருகின்றன. மிச்சமாகும் தொகையில், ஓஸ்டா கணக்கில் 20ஐத் தாண்டுபவர்கள் டெக்சா எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் வாழ்நாளில் ஒருமுறை, இதயநோய் வாய்ப்பைக் கூட்டும் லைப்போபுரோட்டீன்(ஏ) என்னும் கொழுப்புத் துகளின் அளவைப் பார்த்துக்கொள்ளட்டும், தெற்காசியரிடம் அது உயர்ந்திருக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம். பணம் கட்டுவதற்கு முன்பே மையத்திடம் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: எலும்பை எந்தக் கருவியால் அளக்கிறீர்கள், முடிவில் குறை தெரிந்தால் அடுத்து என்னை யார் பார்ப்பார்? எங்கள் மையத்தில் இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதில், உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதுதான்.